தொரேசன் வர்ற வரைக்கும்

எங்கள் வீட்டிலிருந்து இரவல் போன சாமான் எதுவும் திரும்பி வராவிட்டால், அது தொரேசனிடம் போய்விட்டது என்று சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்குப் போன முறம், அண்ணன் தன் சிநேகிதனுக்குக் கொடுத்த சைக்கிள் பம்ப், அத்தை யாருடைய வளைகாப்புக்கோ கட்டிக்கொண்டு போன அம்மாவின் அரக்குப் பட்டு, எல்லாம் தொரேசனிடம்தான் இருந்தன. அந்தப் பட்டின் மேல் அம்மாவுக்கு உயிர். அத்தை எதிரே வரும்போதெல்லாம் அம்மா வேண்டுமென்றே குரலை உயர்த்தி, “தொரேசன் ஊட்டு பொட்டில பத்தரமா கீதா?” என்று கேட்பாள். அத்தைக்கு அந்த நேரம் பார்த்துக் காது மந்தமாகிவிடும்.

தொரேசன் யார் என்று நான் யாரையும் கேட்டதில்லை. நெமிலிச்சேரி ஸ்டேஷனைத் தாண்டி ரயில் பாதையை ஒட்டிய புறம்போக்கில் நாற்பது வீடுகள். அதுதான் எங்கள் தெரு. அந்தத் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. சண்டைக்குப் போனவர். போகிற வழியில் எங்கள் ஊரையே இரவலாக வாங்கிக்கொண்டு, வந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர். நான் என் பங்குக்கு அவருக்கு ஒரு சிவப்பு மீசையும் முழங்கால் வரைக்கும் பூட்சும் மாட்டி வைத்திருந்தேன். இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, ஆள் செத்துகித்துப் போயிருந்தால் என்ன செய்வது என்றுகூட எனக்குக் கவலை இருந்தது. அவருக்கு ஒரு மகனாவது இருக்க வேண்டும் என்று தெருமுனை அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் என்று நான் சொல்வது கண்ணுக்குத் தெரியாத ஊர். எங்கள் தெருவிலிருந்து ஒரு மைல் நடந்தால் ஒரு முள்வேலி வரும். அதற்கு அந்தப்பக்கம் கருவேலங்காடும், துருப்பிடித்த தகரக் கொட்டகைகள் சிலவும் இருக்கும், காவலுக்கு ஒரு ஆள் நிற்பார். பட்டாளத்துக்குச் சொந்தமான பழைய டிப்போ அது. அதற்குள்தான் எங்கள் ஊர் இருந்தது. பெரியவர்கள் அதை ‘உள்ளூர்’ என்பார்கள். மற்றவர்களுக்கு உள்ளூர் என்றால் தாங்கள் குடியிருக்கிற ஊர். எங்களுக்கு உள்ளே மாட்டிக்கொண்ட ஊர்.

நடந்ததை எனக்குச் சொன்னவர் என் பெரியப்பா, நைனாவின் அண்ணன். அப்போது அவருக்குப் பத்து வயது. இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கிராமங்களைப் பார்த்து ஓடிவந்தார்கள். அதே நேரத்தில் எங்கள் கிராமத்துக்காரர்களை, எழுந்து போ என்றார்கள். கழனியில் கதிர் பால் பிடித்து நின்றது. இருபது இருபத்தைந்து நாள் பொறுத்தால் அறுப்பு. மூன்று நாளில் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. நெல்லாகாத பச்சைக் கதிரை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, அந்த மாட்டையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு வெளியே வந்தார்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது. எங்கேயோ இருக்கிற நாலைந்து ராஜாங்கங்களுக்குள் தகராறு. அதற்கு எங்கள் கழனி என்னடா செய்தது?

உத்தரவை பஜனைக் கோயில் வாசலில் கர்ணம் படித்தாராம். முழுக்க இங்கிலீஷ். படித்து முடித்துவிட்டு, தமிழில் ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லி, பயப்படாதீர்கள், நிலம் எங்கேயும் போய்விடாது, திரும்பக் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினாராம். என் தாத்தா கைநாட்டு வைத்துவிட்டு, ஒரு நகலை மட்டும் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அந்த மடிப்பைப் பிரித்துப் படிக்க அவரால் முடியாது. ஆனாலும் கேட்டு வாங்கினார் பாருங்கள், அந்த மனுஷனுக்கு அவ்வளவு புத்தி இருந்திருக்கிறது.

பிறகு நடந்ததுதான் அக்கிரமம். பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோய், அரிசிக்குக் கண்ட்ரோல் வந்தது. துணிக்குக் கண்ட்ரோல் வந்தது. சொந்தக் கழனியில் அறுத்துச் சாப்பிட்டவர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைக்குக் காசு வேண்டும். காசுக்கு வேலை வேண்டும். வேலை எங்கே இருந்தது? வேலிக்குள்ளே. டிப்போவுக்கென்று தனியாகப் போட்ட ரயில் பாதையில் வந்து இறங்குகிற பெட்டிகளைச் சுமக்க ஆள் எடுத்தார்கள். என் தாத்தா கழுத்தில் ஒரு பித்தளை டோக்கனை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றவனிடம் அதைக் காட்டிவிட்டுத் தன் சொந்தக் கழனிக்குள் கூலியாகப் போனார். நெல் அடித்த அவருடைய களத்தில்தான் லாரிகளை நிறுத்துவார்களாம். சாயங்காலம் வெளியே வரும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போகிறாரா என்று மடியைத் தடவிப் பார்த்து அனுப்புவார்களாம். அவருடைய நிலத்திலிருந்து அவர் எதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாதாம்!

நைனா பிறந்தது வேலிக்கு வெளியே. கழனியில் கால் வைக்காமல் வளர்ந்த முதல் ஆண்பிள்ளை எங்கள் வம்சத்தில் அவர்தான். டிப்போவின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டு, கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராகப் போய்ச் சேர்ந்தார். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் தெருவிலேயே முதல் ஆளாக நான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தேன். ஆனால் அதைக் காட்டி, பார்த்தாயா, நல்லதுக்குத்தான் நடந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே சொன்னார்கள். உலகப் போரால் நம் நாட்டுக்குக் கிடைத்த நன்மைகள் என்று தலைப்புப் போட்டு, ஆலைகள் பெருகின, ரயில் பாதைகள் நீண்டன, வேலைவாய்ப்பு கூடியது என்று டீச்சர் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டார். நான் அதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்து நல்ல மார்க் வாங்கினேன். வேலைவாய்ப்பு கூடியது என்பது கழுத்தில் டோக்கனோடு போன என் தாத்தாவைத்தான் சொல்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது முகப்பேரில் எங்கள் ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு என் மகளும் கிட்டத்தட்ட அதே பட்டியலைத்தான் உருப்போடுகிறாள். போன வாரம் அந்த நோட்டைப் பிடுங்கித் தூக்கி எறிந்துவிட்டேன். அவள் பயந்து போய், இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்பதுபோல் பார்த்தாள்.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கல்யாணம் செய்துகொண்டவர்தான். பெரியம்மா சீக்கிரம் போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. நைனாவும் தெருவில் மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டார்கள். கையில் கொஞ்சம் சேர்ந்தவர்கள் பட்டாபிராம் பக்கம் மனை வாங்கிக்கொண்டு போனார்கள். பெரியப்பா மட்டும் நாற்பது வருஷத்துக்கு மேல் அதே ஓலைக் குடிசையில் இருந்தார். நைனா எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்தார். “இது இன்னா நம்ப ஊடா? நம்ப ஊடு உள்ள கீதுடா. தொரேசன் வந்தா போவப்போறோம், இங்க எதுக்கு செவுரு?” என்பார் பெரியப்பா. மழைக்காலத்தில் குடிசைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். எங்கள் வீட்டுக்கு வந்து சுவரோரமாகப் படுத்துக்கொள்வாரே தவிர, ஒரு செங்கல் வாங்க மாட்டார்.

வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போன சமயத்தில் நாடே கொடியேற்றிக் கொண்டாடியது. எங்கள் தெருவில் மட்டும் ஒப்பாரி வைத்தார்களாம். எல்லாத் துரைகளும் போய்விட்டால் தொரேசனும் போய்விடுவாரே, அப்புறம் நிலத்தை யார் கொடுப்பது என்று. இதைச் சொல்லி எங்கள் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெரியப்பா சிரிக்க மாட்டார். துரை போனால் என்ன, எழுத்து இருக்கிறது, எழுத்துக்கு யாராவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அந்த எழுத்துக்கு வேளை வந்தது. டிப்போவில் யாரும் புழங்காமல் கிடந்த ஒரு பக்கத்து நிலத்தைப் பட்டாளம் விட்டுக்கொடுக்கப் போகிறதென்றும், அதில் வீட்டு மனை போடப் போகிறார்களென்றும் பேச்சு அடிபட்டது. அதில் பழைய பாத்தியதை உள்ளவர்கள் யாராவது இருந்தால் பூந்தமல்லியில் ஒரு அதிகாரி விசாரணை வைக்கிறார், வந்து சொல்லலாம் என்று தண்டோராப் போட்டார்கள். அந்தப் பக்கத்தில்தான் எங்கள் இரண்டு காணியும் கிணறும் இருந்தன. அதே மாதத்தில் ரயில் பாதையோரப் புறம்போக்கைக் காலி செய்யச் சொல்லி எங்கள் தெருவுக்கும் சீட்டு ஒட்டியிருந்தார்கள். நைனாவுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்ளத் தெம்பு இருந்தது. பெரியப்பாவுக்குப் போக்கிடம் என்று இந்த உலகத்தில் ஒன்று இருந்தால் அது அந்தக் கழனிதான்.

நைனாவுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. காகிதம் இங்கிலீஷில் இருப்பதால், அதிகாரி ஏதாவது கேட்டால் எடுத்துச் சொல்ல என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்துக் கூட அனுப்பினார்கள். எனக்கு ஒரே குஷி. பெரியப்பா சலவை வேட்டி கட்டி, காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை மஞ்சள் பையில் வைத்து, மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் நான் காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மடிப்பு கிழிந்துவிடும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுத்துவிட்டார். பாரிவாக்கம் தாண்டும்போது அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் வயல்தான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “பால் புட்ச்சிட்ச்சி பாரு” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாலா, எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்தார். போகும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். இதை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். அதட்டவில்லை, காக்க வைக்கவில்லை, பெரியப்பாவை உட்காரச் சொன்னார். எனக்குக்கூட ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். பக்கத்தில் ஒரு குமாஸ்தா, முன்னால் ஒரு தடித்த பழைய ஃபைல். எங்களைப்போல் வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரமாக நின்றார்கள்.

“சொல்லுங்க பெரியவரே, என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க?”

பெரியப்பா காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். “தொரேசன் வர்ற வரைக்கும்னு எய்தி குட்த்துக்கீறாங்க சார். எங்க நைனா வாங்கி வெச்சது. அவரு இன்னும் வர்ல. அவரு வர்லன்னா பரவால்ல சார், நீங்க குட்த்தாலும் வாங்கிக்கிறோம்.”

“யாரு அந்தத் தொரேசன்?”

“வெள்ளக்கார தொர சார். சண்டைக்கு போயிருந்தாரு.”

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா எட்டிப் படித்துவிட்டுப் புறங்கையால் வாயை மூடிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து நானும் எட்டிப் பார்த்தேன். மங்கிப்போன டைப் எழுத்து. நடுவில் அந்த வார்த்தை பளிச்சென்று தெரிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. எங்கள் பரீட்சைக் கேள்வித்தாள் ஒவ்வொன்றின் மேலும் வலது பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள்: டுரேஷன், இரண்டரை மணி நேரம்.

“ஐய, பெரிப்பா! தொரேசன் ஆளே இல்ல! அது டுரேஷன்! எவ்ளோ நேரம்னு பரீட்ச பேப்பர்ல போடுவாங்களே, அது!” என்று கத்தினேன்.

அந்த அறையே சிரித்தது. குமாஸ்தா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சுவரோரமாக நின்றவர்கள், அவர்களில் பாதிப் பேர் எங்களைப்போல நிலம் போனவர்கள், அவர்களும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சிவப்பு மீசையும் பூட்சும் மாட்டி, அம்மனிடம் வேண்டுதல் எல்லாம் வைத்திருந்த ஆள், கடைசியில் பரீட்சைப் பேப்பரில் இருக்கிற ஒரு வார்த்தை!

அந்த ஒரே வரியில் கர்ணம் சொன்னது ‘டுரேஷன் வரைக்கும்’ என்று. அந்த வார்த்தைக்கு அவருக்கே அர்த்தம் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் சொல்ல மெனக்கெடவில்லை. கேட்டவர்கள் பாவம், தொரேசன் வருகிற வரைக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். துரைகள் ஆண்ட காலம், துரை என்று தொடங்குகிற பெயர் துரையுடையதாகத்தானே இருக்கும்? எடுத்துக்கொண்டவர்கள் பேரில் என்ன தப்பு? ஒரு ஊரையே எழுப்பி விரட்டுகிறவனுக்கு, அதை அந்த ஊர்க்காரன் பாஷையில் நாலு வரி எழுதிக்கொடுக்கத் துப்பில்லை. சிரிக்க வேண்டியது யாரைப் பார்த்து?

அதிகாரிக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போனது. “கெட்டிக்காரப் பொண்ணா இருக்கியே, எங்க, முழுசாப் படி” என்று காகிதத்தை என் பக்கம் திருப்பினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட மேடையில் நிற்பதுபோல் நின்று படித்தேன். அர்த்தம் சொல் என்றார். சொன்னேன். யுத்தம் நடக்கிற காலம் வரைக்கும், யுத்தம் முடிந்து அதற்குமேல் ஆறு மாதம் வரைக்கும், நிலம் சர்க்கார் வசம் இருக்கும்.

பெரியப்பா அந்தக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, “எங்க தம்பி பொண்ணு. இங்கிலீசு படிக்குது” என்றார். அந்த நிலைமையிலும் அவருக்கு அதுதான் பெருமையாக இருந்தது.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். யுத்தம் முடிந்து, அந்த ஆறு மாதமும் முடிந்து, நிலத்தை நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டாகிவிட்டது. ஆட்சேபம் இருந்தால் சொல்லும்படி தாத்தாவுக்கு நோட்டீஸும் அனுப்பியிருக்கிறார்கள். இதோ பாருங்கள் என்று அந்த உறையைக் காட்டினார். மேலே எங்கள் ஊர் விலாசம், வேலிக்குள் இருக்கிற ஊர். விலாசத்தில் ஆள் இல்லை என்று எழுதித் திரும்பி வந்திருந்தது. ஆள் எப்படி இருப்பார்? அவர்களேதான் துரத்தினார்கள்! அந்த ஆள் அதே வேலிக்குள், அதே மண்ணில், கழுத்தில் டோக்கனோடு பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நிற்கிறவனைக் கேட்டிருந்தால் கூப்பிட்டு விட்டிருப்பான்.

இதெல்லாம் இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அங்கே எழுந்து நின்று, ஐயா, வாங்கியவன்தானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கொடுத்தவன் வந்து கேட்கவில்லை என்றால் அது உங்களுடையதாகிவிடுமா, அப்படியானால் அம்மாவின் பட்டுப் புடவை அத்தைக்குச் சொந்தமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவு இங்கிலீஷ் தெரிந்த எனக்கு அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை. பெரியப்பாதான் கேட்டார், தனக்குத் தெரிந்த மாதிரி. “குட்த்துர்றேன்னு எய்திக்கீதா இல்லியா சார்?”

“எழுதியிருக்கு பெரியவரே. ஆனா அப்பவே வந்து கேட்டிருக்கணும். நாற்பது வருஷம் யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க? இந்தக் குழந்தைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலியே.”

சொல்லிவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து எனக்குக் கொடுத்தார். நான் தாங்க் யூ சார் என்றேன். அவர்கள் பக்கத்துப் பரிசை வாங்கிக்கொண்டு அவர்களுக்கே நன்றி சொன்னேன்! அந்தப் பேனாவைப் பரீட்சை வரைக்கும் வைத்திருந்து எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றோம். பெரியப்பா டீக்கடையில் எனக்கு ஒரு பட்டர் பன் வாங்கிக் கொடுத்தார். தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபம் இருக்கும் என்று எனக்கு லேசாகப் பயம். எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டேனே என்று. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. எதையோ விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, அந்த சண்ட எப்போ முடிஞ்சிது?”

அது எனக்கு ஒரு மார்க் கேள்வி. “ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி நாப்பத்தஞ்சு பெரிப்பா.”

“அப்போ எனுக்கு பதிமூணு வயிசு” என்றார். “தெனம் உங்க தாத்தாவுக்கு சோறு எட்த்துகினு அந்த கேட்டாண்டதான் நிப்பேன். கேட்டு அப்டியே கீது. முள்ளுகம்பி அப்டியே கீது. துப்பாக்கி புட்ச்சிகினு நிக்கிறவன் அப்டியே நிக்கிறான். பொட்டிகூட வந்துகினுதான் கீது. சண்ட முடிஞ்சிட்சின்னு எங்களுக்கு எப்டிம்மா தெரியும்?”

அவர் என்னைத்தான் கேட்டார். இத்தனை பேர் இருக்கிற ஊரில், படித்தவள் என்று என்னைத்தான் கேட்டார். நான் பன்னை மென்றுகொண்டே, தெரிந்த பதிலைச் சொல்கிற வேகத்தில் சொன்னேன்.

“இஸ்கூலுக்கு போயிருந்தா தெரிஞ்சிருக்கும் பெரிப்பா.”

அவர், ஆமாம்மா என்பதுபோல் தலையை ஆட்டினார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம். ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். அந்த வருஷக் கடைசியில் எங்கள் தெருவை இடித்தபோது முதலில் போனது அவர் குடிசை. இடிக்க அதில் எதுவும் இல்லை, கயிற்றை அறுத்துவிட்டதும் விழுந்துவிட்டது. எங்கள் வாடகை வீட்டில் மூன்று வருஷம் இருந்து செத்துப்போனார். அவர் மூன்றாம் வகுப்போடு ஏன் நின்றார் என்று எனக்குச் சொன்னது நைனா, கருமாதி முடிந்த பிறகு. அந்தப் பள்ளிக்கூடமும் வேலிக்கு உள்ளேதான் இருந்தது.